மூன்று பேர் மொழிக்கு ஓர் அலமாரி

மூன்று பேர் மட்டுமே பேசும் ஒரு மொழிக்கு உலகத்திலேயே நான் ஒருத்திதான் நிபுணர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எதிர் ஃபிளாட்டுக்காரர் ஒருநாள் லிஃப்டில் வைத்து, "மேடம், நீங்க என்ன சப்ஜெக்ட்?" என்று ஹிந்தியில் கேட்டார். பிட்ஜின், கிரியோல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதில் முட்டை சேருமா என்று கேட்டார். சேராது என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன்.

இதை எழுதச் சொன்னது ஷெரின். நாகர்கோவில் பெண். டில்லி முனிர்காவில் அறை எடுத்துக்கொண்டு, நான் ஓய்வு பெற்ற அதே மொழியியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"மேடம், இப்போ நாங்க ரெண்டு கம்ப்யூட்டர் புரோகிராமை ஒண்ணோட ஒண்ணு பேச விடுறோம். பொது மொழி எதுவும் கிடையாது. காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள புதுசா ஒரு பிட்ஜின் உண்டாகிடுது. உங்க காலத்துல எப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"சோறு பொங்கிப் பண்ணுனோம்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தமாஷாகச் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பொது மொழி இல்லாத ஆட்கள் சந்தையிலோ துறைமுகத்திலோ தோட்டத்திலோ ஒன்றாகக் கிடந்து பிழைக்க நேர்ந்தால், ஆளுக்கு நாலு சொல் போட்டு ஓர் அவசர மொழியை உண்டாக்கிக்கொள்வார்கள். அது பிட்ஜின். அது யாருக்கும் தாய்மொழி அல்ல. அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அதையே தாய்மொழியாக்கிக்கொண்டால் அது கிரியோல். உலகம் முழுக்க இப்படிப் பிறந்த மொழிகள் உண்டு. ஆனால் அவை பிறந்த நேரத்தில் பக்கத்தில் ரெக்கார்டரோடு யாரும் நிற்கவில்லை. அதனால் எப்படிப் பிறந்தன என்பதில் எங்கள் துறையில் ஓயாத சண்டை. மனித மூளைக்குள் ஏற்கெனவே இருக்கும் அச்சிலிருந்து வருகிறது என்று ஒரு கட்சி, பேசுகிறவர்களின் பழைய மொழிகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் கருத்தரங்குகளில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

நான் இந்தச் சண்டைக்குள் வந்து விழுந்தது தற்செயல். அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டுக்குள் அம்பாசமுத்திரத் தமிழ், வாசலுக்கு வெளியே ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எம்.ஏ. முடித்ததும் ரெக்கார்டர் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பேட்டரி மாற்றுவது, கேசட்டைப் பென்சிலால் சுற்றுவது, பசியோடு சிரித்துக்கொண்டே நிற்பது ஆகியவற்றைக் கற்றுக்கொண்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

மீதியெல்லாம் பேராசிரியர் வாத்வா. பஞ்சாபி, நல்ல உயரம், எப்போதும் கையில்லாத ஸ்வெட்டர். அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. எந்தச் சொல்லையும் மூன்று முறை சொல்ல வைத்துப் பதிவு செய்ய வேண்டும். முதல் முறை மரியாதைக்குச் சொல்வார்கள், இரண்டாம் முறை அலுத்துக்கொண்டு சொல்வார்கள், மூன்றாம் முறைதான் வீட்டில் சொல்கிற மாதிரி சொல்வார்கள் என்பார். உண்மைதான். ஆனால் இந்தப் பழக்கம் முற்றிப்போய் அவரே எல்லாவற்றையும் மூன்று முறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேன்டீனில் "சாய். சாய். சாய்" என்பார். மூன்று டீ வரும். மிச்சம் இரண்டையும் நான் குடிப்பேன். எனக்கு அசிடிட்டி வந்தது அந்தக் காலத்தில்தான்.

இரண்டாவது கொள்கை, ஆராய்ச்சியாளர் வாயே திறக்கக் கூடாது. நாம் ஒரு சொல்லைச் சொன்னால் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வார், பிறகு எது அவருடையது எது நம்முடையது என்று பிரிக்க முடியாது. அதனால் கையால் சுட்டிக் காட்டி மட்டுமே கேட்க வேண்டும். அஸ்ஸாம் பக்கம் ஒரு மலையடிச் சந்தைக்கு என்னை முதன்முதலாக அழைத்துப்போனபோது, சார் ஒரு வாத்தைச் சுட்டிக் காட்டினார். விற்கிற அம்மாள் ஏதோ சொன்னாள். மறுபடி சுட்டினார், மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை சுட்டியதும் அந்த அம்மாள் வாத்தின் காலைக் கட்டி அவர் கையில் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். சார் திறக்கவில்லை. வாத்தோடு டில்லிக்கு ரயிலேறினோம். அது எங்கள் துறைத் தோட்டத்தில் ரொம்ப நாள் சுகமாக இருந்து, துணைவேந்தரைக் கூட ஒருமுறை துரத்தியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் நீட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்பா ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் டில்லியில் வாடகைக்கு வீடு பிடிக்கலாம். கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு அம்பாசமுத்திரம். அப்பா பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டத் தொடங்கியிருந்தார். அந்தச் சத்தம் கேட்டாலே நான் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றுகொள்வேன். நான் டில்லிக்காரி. குளிரில் மூக்கு ஒழுகக் கடலை தின்றுகொண்டு பஸ்ஸுக்கு நிற்பதுதான் எனக்குத் தெரிந்த வாழ்க்கை. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

அந்த நேரத்தில்தான் சாருக்கு ஒரு திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பிட்ஜின் பிறப்பதை நேரில் பார்ப்பது என்பது திட்டம். பொது மொழி இல்லாத மூன்று பேரை ஒரு வீட்டில் தினமும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட வைப்பது. "இரண்டு பேர் போதாது, மிஸ் பிள்ளை. இரண்டு பேர் என்றால் ஒருவர் மற்றவருடைய மொழியைக் கற்றுக்கொண்டுவிடுவார். மூன்று பேர் இருந்தால்தான் யாருக்கும் சொந்தமில்லாத மொழி பிறக்கும்" என்றார். குளிர்காலம் முடிவதற்குள் நிபுணர் குழு வந்து பார்க்கும். திருப்தி என்றால் திட்டமும் நீளும், என் வேலையும் நிரந்தரமாகும்.

ஒரே ஒரு சிக்கல். மூன்று பேருக்கும் ஹிந்தி தெரியக் கூடாது. டில்லியில் அப்படி ஆளுக்கு எங்கே போவது? 'ஹிந்தி தெரியாதவர்கள் தேவை, மதியச் சாப்பாடு உண்டு' என்று அறிவிப்பு ஒட்டச் சொன்னார் சார். எங்கள் அலுவலகத்தில் அறிவிப்பு என்றால் முதலில் ஹிந்தியில்தான் அடிப்பார்கள். இங்கிலீஷ் பிரதி மேலிடத்துக்கு ஒப்புதலுக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. ஹிந்திப் பிரதியை முனிர்காவிலும் சரோஜினி நகர் மார்க்கெட்டிலும் நானே பசை தடவி ஒட்டினேன். இரண்டு பேர் வந்தார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். முனைவர் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் அந்த அறிவிப்பின் முன் நின்று டீ குடித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர் தோர்ஜே. லடாக்குக்காரர், மார்க்கெட் வாசலில் குளிர்காலம் முழுக்க ஸ்வெட்டர் விற்பவர். பகலில் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். இன்னொருத்தி அலெம்லா. நாகாலாந்து மலைக் கிராமத்திலிருந்து, படிக்க வந்த அண்ணன் மகனுக்குச் சமைத்துப் போட முனிர்காவுக்கு வந்தவள். மூன்றாவது ஆளுக்கு அறிவிப்பே தேவைப்படவில்லை. டில்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் ஒரு சொல் ஹிந்தி தெரியாதவர் என்று எங்கள் காலனி முழுக்கப் பெயர் வாங்கிய ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அப்பாவின் தங்கை, கோமதி அத்தை. இளம் வயதில் மாமா தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டவர்.

"ஏட்டி வடிவு, நான் எதுக்குட்டி அங்க? எனக்கு என்ன தெரியும்?" என்றார் அத்தை.

"ஒண்ணும் தெரியாததுதான் அத்தை தகுதி" என்றேன்.

"அப்பம் சரி, வாரேன்" என்றார்.

தேர்வு முறையைச் சார் தாமே வகுத்திருந்தார். எதிரே உட்கார்ந்து, டீ கொடுத்து, முகத்தில் புன்னகை மாறாமல் ஹிந்தியில் திட்டுவது. புரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? தோர்ஜேயிடம், "உங்கள் ஸ்வெட்டரை ஆடு கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளாது" என்றார். தோர்ஜே மலையைப் பார்ப்பது போல் அவரைப் பார்த்தார். அலெம்லாவிடம், "இந்தத் தொப்பியில் நீங்கள் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கிறீர்கள்" என்றார். அவள் அழகாகச் சிரித்தாள். கடைசியாக அத்தையிடம், "உங்கள் சாம்பார் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்குமாமே" என்று மிக இனிமையாகக் கேட்டார். அத்தையின் சாம்பாரைப் பற்றி யாரும் அப்படிப் பேசி உயிரோடு போனதில்லை. அத்தையோ நிதானமாகத் தன் வளையலைச் சரிசெய்துகொண்டார். "சுத்தம்! சுத்தம்! சுத்தம்!" என்று கூத்தாடினார் சார்.

முனிர்காவில் ஒரு மூன்றாம் மாடி. ஓர் அறை, அடுப்படி, முன்னால் மொட்டை மாடி. உப்பும் அடுப்பும் அத்தை பொறுப்பு, அரிசியும் மாவும் தோர்ஜே பொறுப்பு, காய்கறியும் மசாலாவும் அலெம்லா பொறுப்பு. ஒருவரை ஒருவர் கேட்காமல் சாப்பாடு ஆகாது. பசிதான் மொழிக்குத் தாய் என்பது சாரின் நம்பிக்கை. முதல் நாள் மூவர் முன்னிலையில் என்னை ஒரு மூலை ஸ்டூலில் உட்கார வைத்து, மடியில் ரெக்கார்டரைக் கொடுத்து, ஹிந்தியில் சொன்னார்: "மிஸ் பிள்ளை, இனி நீங்கள் மனுஷி இல்லை. அலமாரி. அலமாரி பேசாது, சிரிக்காது, தும்மாது." இதை மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்கிய உடனே அத்தை தன் பையை என் தோளில் மாட்டினார். தோர்ஜே தன் மஃப்ளரை என் தலையில் போட்டார். அலெம்லா தன் தொப்பியை என் முழங்காலில் கவிழ்த்து வைத்தாள். ஆராய்ச்சிக்கு எவ்வளவு நன்றாக ஒத்துழைக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

மொழி பிறந்தது. அதை நான் பார்த்தேன், இந்த இரண்டு காதாலும் கேட்டேன். லடாக்கில் வணக்கத்துக்கும் நன்றிக்கும் போய் வருகிறேன் என்பதற்கும் 'ஜூலே' என்ற ஒரே சொல்தான். தோர்ஜே அதைப் போகிறபோது சொல்வதால், முடிந்துபோன எல்லாமே ஜூலே ஆனது. சிலிண்டர் தீர்ந்தால் 'அடுப்பு ஜூலே'. எதையும் இரண்டு முறை சொன்னால் நிறைய என்று பொருள். அலெம்லா ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாயில் முதல் நாள் மூவருக்கும் கண்ணீர் கொட்டியதால் காரத்துக்குப் பெயர் அலெம்லா. 'குழம்பு அலெம்லா அலெம்லா' என்றால் வாயில் வைக்க முடியாது. தோர்ஜே ஒரு கோப்பை டீயை முற்பகல் முழுக்கக் குடிப்பவர், அதனால் 'தோர்ஜே' என்றால் பொறு. அலெம்லா ஒருநாள் கருவாட்டுப் பொட்டலத்தைத் திறந்துவிட்டாள். சுத்த சைவமான அத்தை வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும், பிறகு தரையையும், பிறகு தோர்ஜேயின் கையையும் கழுவினார். அன்று முதல் 'கோமதி' என்றால் கழுவுதல். என்னைக் குறிக்க அவர்களிடம் இருந்த சொல் 'அலமாரி'. துண்டு காயப்போடும் இடம் என்ற பொருளும் அதற்கு உண்டு.

சிரிக்கக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சிரிப்பேன். அப்பா வெளியே நின்று, பெண்ணுக்கு வேலைக் கவலையில் என்னமோ ஆகிவிட்டது என்று பயப்படுவார்.

குழு வந்த நாளுக்கு வருகிறேன். நல்ல வெயில். மொட்டை மாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். தலைவர் அலகாபாத் பக்கத்துக்காரர். ஒல்லி, கழுத்தையும் காதையும் சுற்றி மஃப்ளர், ஹிந்தியை இலக்கணமாகப் பேசுபவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. கூட வந்த இரண்டு பேரும் அவர் தலையாட்டினால் ஆட்டுவதற்காக வந்திருந்தார்கள். நான் என் மூலையில், தோளில் பை, தலையில் மஃப்ளர், முழங்காலில் தொப்பி. மூவரும் அன்று அருமையாகப் பேசினார்கள். "தோர்ஜே, தோர்ஜே" என்று அத்தை பருப்புக்கு நேரம் கேட்டார். "கோமதி?" என்று கொத்தமல்லியை உயர்த்திக் காட்டினாள் அலெம்லா. சார் தலைவரின் காதில், "ஹிந்தி பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்" என்றார். தலைவர் லேசாகத் தலையசைத்தார். எனக்கு டிரங்குப் பெட்டிகள் மறுபடி பரணில் ஏறுவது கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் குரங்கு வந்தது.

ஆள் உயரம் இல்லாவிட்டாலும் ஆள் தோரணை. மெதுவாக உள்ளே வந்து, பொரித்து வைத்திருந்த அப்பளத் தட்டைப் பார்த்தது. அது உயரத்தில் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்து, என் மடியில் கால் வைத்து, தோளில் கால் வைத்து ஏறி, ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டது. அதுவும் என்னை அலமாரி என்றே எடுத்துக்கொண்டது. நான் கத்தவில்லை. விதி என்றால் விதி. இறங்குகிற வழியில் என் மடியிலிருந்த ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு மாடிச் சுவரில் போய் உட்கார்ந்தது.

"பந்தர், பந்தர், பந்தர்" என்று குரங்கை ஹிந்தியில் அறிவித்தார் சார். முதல் முறை மரியாதையாக, இரண்டாம் முறை அலுப்போடு, மூன்றாம் முறை மிக இயல்பாக.

அடுத்த கணம் வீடே வெடித்தது.

"தர்வாஸா பந்த் கரோ! பீச்சே ஏக் ஔர் ஹை!" என்று அலெம்லா கத்தினாள். பின்னால் இன்னொன்று வருகிறது, கதவை மூடு என்று. "டண்டா லாவோ, ஜல்தி ஜல்தி!" என்று தோர்ஜே தடிக்குப் பறந்தார். இருபது வருஷமாக ஹிந்தி தெரியாத எங்கள் கோமதி அத்தை, கரண்டியை ஓங்கிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்து, "அரே ஓ லங்கூர் கீ ஔலாத்! மஷீன் சோட், நஹீ தோ டாங் தோட் தூங்கீ!" என்றார். கருங்குரங்குக்குப் பிறந்தவனே, மெஷினை விடு, இல்லையென்றால் காலை உடைப்பேன் என்று அர்த்தம். உச்சரிப்பு அப்படியே சரோஜினி நகர் மார்க்கெட். தலைவர் காதிலிருந்து மஃப்ளரை விலக்கினார்.

பிறகு பேரம் தொடங்கியது. டில்லிக் குரங்கு சும்மா எதையும் தராது. தோர்ஜே ஒரு வாழைப்பழத்தை நீட்டி, "ஏக்! ஃபிக்ஸ் ரேட்!" என்றார். குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தோ தே தோ நா, பையா!" என்று அத்தை கெஞ்சினார். ரெண்டாகக் கொடுத்துத் தொலையேன் என்று.

"நஹீ தீதி, ஆதத் பிகட் ஜாயேகீ" என்றார் தோர்ஜே. பழக்கம் கெட்டுவிடுமாம். குரங்குக்கு.

கடைசியில் ஒரு பழத்துக்கே முடிந்தது. அத்தை முந்தானையை விரித்துப் பிடிக்க, குரங்கு ரெக்கார்டரை அதில் போட்டுவிட்டுப் போனது. மூவரும் வெற்றியோடு திரும்பினார்கள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் தாங்கள் செய்த காரியம் மூவருக்கும் விளங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தோர்ஜேக்கு அத்தையைப் பார்த்து ஆச்சரியம், அத்தைக்கு அலெம்லாவைப் பார்த்து ஆச்சரியம். மூன்று மாதமாக ஆளுக்கு ஆள் தான் மட்டும்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வாத்வா ஜி, இவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"அறிவிப்பு ஒட்டினோம்."

"எந்த மொழியில்?"

சார் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஹிந்தி" என்றார். அவர் வாழ்நாளில் ஒன்றை ஒரே ஒரு முறை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அலமாரி அழலாமா என்பது பற்றிச் சாரின் விதிகளில் எதுவும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன். தலைவர் எழுந்து செருப்பைத் தேடினார். போயிற்று, அம்பாசமுத்திரம்தான்.

அப்போது அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. "பருப்பு! பருப்பு ஜூலே ஜூலே!" என்று அலறிக்கொண்டு அத்தை உள்ளே ஓடினார். அலெம்லா தண்ணீரோடு பின்னால் ஓடினாள். தோர்ஜே இன்னொரு பாத்திரத்தைத் தூக்கி, "கோமதி?" என்றார். "கோமதி, கோமதி!" என்றார் அத்தை. தீய்ந்ததை ஒதுக்கி, மேலாக மிஞ்சியதைத் தாளித்து, தரையில் தட்டுகளைப் போட்டார்கள். மூச்சு விடாமல் மூவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். குரங்கைப் பற்றி, வாழைப்பழத்தைப் பற்றி, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். எல்லாம் அவர்கள் மொழியில். ஒரு சொல் ஹிந்தி இல்லை.

தலைவர் செருப்பு மாட்டாமல் நின்றுவிட்டார். பிறகு வந்து தரையில் உட்கார்ந்து அப்பளத்துக்குக் கை நீட்டினார். "தோர்ஜே!" என்று அத்தை அதட்டினார். தலைவர் கையை இழுத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சகோதரியாரே, இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஹிந்தியில் பேசலாமே?" என்று கேட்டார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். மற்ற இருவரையும் பார்த்தார். தலைவர் தட்டில் ரசத்தை ஊற்றினார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தலைவர் கேட்டார். "வாத்வா ஜி, வேறு வழி இல்லாததால் மொழி பிறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நாம் எல்லோரும் பேசுகிற வழி. இருந்தும் ஏன் இதைப் பேசுகிறார்கள்?"

"தெரியாது. தெரியாது. தெரியாது" என்றார் சார்.

"எனக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் படி இறங்கினார். பாதிப் படியில் அவர் தோள் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பிட்ஜின் எப்போது கிரியோல் ஆகும், அதாவது எப்போது குழந்தை பிறக்கும் என்ற வழக்கமான கேள்வியை மட்டும், மூவரின் வயதையும் பார்த்து, அவர் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அத்தையைப் பிடித்துக்கொண்டேன். "ஹிந்தி எப்பம்லேந்து தெரியும் அத்தை?"

"இருவது வருசமா இந்த ஊர்ல காத மூடிக்கிட்டாட்டி இருந்தேன்? வந்த வருசமே தெரியும். தெரியும்னு சொன்னா உங்கப்பா என்னையல்லா பால் பூத்துக்கும் ரேஷனுக்கும் அனுப்புவான்? பக்கத்து வீட்டுக்காரி வந்து உக்காந்து அவ மருமவ கதையைச் சொல்லுவா. தெரியாதுன்னு சொல்லிட்டேன், நிம்மதி. ஒருக்கா சொல்லிட்டா பொறவு மாத்தவா முடியும்?"

தோர்ஜேயும் அலெம்லாவும் பிறகு சொன்ன காரணங்களும் இந்த ரகம்தான். ஹிந்தி தெரிந்த கடைக்காரரிடம் விலை பேசுவார்கள், தெரியாதவர் விரலைக் காட்டினால் அந்த விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அலெம்லா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தினமும் படியில் வழிமறித்து, என்ன சமைக்கிறாய், என்ன வாசனை இது என்று கேட்பாராம். அவளுக்கு ஹிந்தி தெரியாது, சிரித்துக்கொண்டே மேலே போய்விடுவாள். அறிவிப்பில் மதியச் சாப்பாடு என்று படித்ததும் இருவருக்கும் ஆசை வந்துவிட்டது.

பஸ் ஆர்.கே.புரம் தாண்டியதும் அத்தை கேட்டார். "ஏட்டி, அன்னைக்கு உங்க வாத்தியாரு எஞ்சாம்பார என்னன்னு சொன்னாரு?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "புரிஞ்சுதா? பொறவு ஏன் அத்தை சும்மா இருந்தீங்க?"

"ஒனக்கு வேல வேணும்லா" என்றார் அத்தை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாருக்கு மட்டும் அன்று முதல் அந்த வீட்டில் டீயில் சர்க்கரை போடப்படவில்லை. ஏன் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

திட்டம் நீண்டது. என் வேலை நிரந்தரமாயிற்று. அப்பா ஓய்வு பெற்றதும் அதே மூன்றாம் மாடியை நாங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். டிரங்குப் பெட்டிகள் துணி வைக்கப் பயன்பட்டன. நான் அந்த மொழியின் ஒலிகளையும் சொற்களையும் வாக்கிய அமைப்பையும் பற்றித்தான் மீதி உத்தியோகம் முழுக்க எழுதினேன். குழுத் தலைவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. சார் எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தார், எல்லாவற்றையும் மூன்று முறை சொன்னார், எதுவும் பொருந்தவில்லை.

இப்போது தோர்ஜே லடாக்கின் லே நகரில் இருக்கிறார், அலெம்லா அவள் கிராமத்தில். அத்தை என்னோடும் என் கணவரோடும் டில்லி துவாரகாவில். எண்பது ஆகிறது, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி அப்படியே. தினமும் பதினோரு மணி வாக்கில் தன் செல்போனை அடுப்படி மேடையில் சாய்த்து வைக்கச் சொல்வார். மூவரும் வீடியோவில் வந்து, மூன்று ஊரிலும் சேர்ந்து சமைப்பார்கள். ஷெரினிடம் இதைச் சொன்னபோது, "மேடம், அப்போ அவங்க பேசறதை இப்போ ரெக்கார்ட் பண்ணலாமா?" என்று கண் விரியக் கேட்டாள். நீயே வந்து கேட்டுப் பார் என்றேன்.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலை. மாலையும் சால்வையும் இன்னும் சோபாவில் கிடந்தன. வேலை போனதும் விதியும் போயிற்று அல்லவா? இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், இனி அலமாரியாக இருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அடுப்படிக்குப் போய், போன் முன்னால் நின்று, அவர்கள் மொழியில், உச்சரிப்புப் பிசகாமல், "அலமாரி வேலை ஜூலே" என்றேன்.

லேயில் கரண்டிச் சத்தம் நின்றது. அலெம்லா போனுக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அச்சா மேடம் ஜி, பதாயி ஹோ" என்று தோர்ஜே மிக மரியாதையாக ஹிந்தியில் வாழ்த்தினார். "பஹுத் பஹுத் பதாயி" என்றாள் அலெம்லா.

நான் அத்தையைப் பார்த்தேன். "ஏன் அத்தை? எனக்கும் தெரியும்லா இந்தப் பேச்சு? என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"எங்கூடப் பேச ஒனக்குத் தமிழ் இருக்கு. ஊரோட பேச ஹிந்தி இருக்கு. ஒம் புருசனோட சண்டை போட இங்கிலீஷ் இருக்கு" என்றார் அத்தை. "இது எங்க மூணு பேருக்குத்தாம்ட்டி. ஒனக்கு எதுக்கு?"

குழுத் தலைவர் உயிரோடு இருந்தால் உடனே போன் போட்டுப் பதிலைச் சொல்லியிருப்பேன்.

அத்தை போன் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். மூவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது, இங்கே எழுத மாட்டேன். பிறகு சமையல் தொடர்ந்தது. பேசிக்கொண்டே அத்தை கையைத் துடைத்துவிட்டு, ஈரத் துண்டை எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் என் தோளில் போட்டார்.

நான் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.